வலது கைக்குழி

ஸ்வெட்டருக்குக் கை வைக்க வேண்டும் என்றால் அந்தச் சலவைக்கூடத்தில் ஒருத்தியைத்தான் கூப்பிட வேண்டும். உடம்பை யார் வேண்டுமானாலும் பின்னிவிடலாம். நேராகப் போய் நேராக வருவது, அதில் என்ன பெரிய வித்தை? கைதான் ஆளைக் கொல்லும். மணிக்கட்டில் ஒடுங்கித் தொடங்கி, மேலே போகப் போக அகன்று, தோளருகே வளைந்து, உடம்பில் விட்டிருக்கும் கைக்குழியில் சுருக்கமும் இழுப்பும் இல்லாமல் போய் உட்கார வேண்டும். ஒருமுறை வேன் டிரைவர், "இதென்ன பிரமாதம், நான் வெக்கிறேன்" என்று மார்தட்டிக்கொண்டு வைத்தான். போட்டுப் பார்த்தவருக்கு இரண்டு கையும் முதுகுப் பக்கம் திரும்பி நின்றன. "போலீஸ் பிடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கே!" என்று எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவன் அன்றைக்கு டீயே குடிக்கவில்லை. அதற்குப் பிறகு கை என்றால் அவள்தான். அவள் வைத்த கை யாருக்கும் பிசகியதில்லை என்பதால் கைராசி என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சலவைக்கூடத்தை விட்டு யார் போனாலும், வயதாகிப் போனாலும் சரி, வேறு ஊருக்கு மாறிப் போனாலும் சரி, டீ நேரத்தில் பின்னுகிற கூட்டம் சேர்ந்து ஒரு ஸ்வெட்டர் செய்து கொடுக்கும். முதுகு ஒருவர், முன்பக்கம் ஒருவர், கழுத்துப் பட்டை ஒருவர், கை கைராசி. போகிறவரிடம் மட்டும் கடைசி நாள் வரை மூச்சு விடக் கூடாது. அளவு கேட்டால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? அதனால் உடை மாற்றும் அறையில் ஆணியில் தொங்கும் வேலைக் கோட்டை எடுத்து, அதில் டேப்பை வைத்து அளந்துகொள்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கூடைநிறையக் கம்பளி நூலோடு வந்தவள் சூப்பர்வைசர். மற்றவர்களுக்கு அவள் மேடம். கைராசிக்கு ஜோடி. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்று, முனைகளைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்து மடிக்கிறவர்களை ஜோடி என்பார்கள். இவர்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜோடி. ஒரு நாளைக்கு எத்தனை முறை முகத்துக்கு முகம் வந்திருப்பார்களோ! கட்டின புருஷன்கூட அவ்வளவு தடவை பார்த்திருக்க மாட்டான். பிறகு ஒருத்தி பதவி உயர்ந்து கண்ணாடி அறைக்குப் போனாள். இன்னொருத்தி விரிப்போடே இருந்தாள். அதில் இவளுக்குப் பொறாமை கிடையாது. "எங்க ஜோடிதான் இப்ப மேல இருக்கா" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

"கணக்கம்மா போறாங்க" என்றாள் ஜோடி, கூடையைக் கீழே வைத்தபடி. ஆபீஸில் கணக்கு எழுதுகிற அம்மாளைச் சொன்னாள். "அவங்க காதுல விழுந்துடாம."

கைராசி நூலைத் தொட்டுப் பார்த்தாள். மயில் கழுத்து நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் நீலம், நிழலில் பச்சை.

"அடேயப்பா! இந்தக் கலரை யாருடி எடுத்தது? எனக்கே ஆசையா இருக்கு."

"நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ஜோடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கைக்கு அளவெல்லாம் தேடாத. உன் கை அளவுக்கே பின்னிடு. அவங்களும் உன் வாகுதான்."

ஸ்வெட்டரின் உடம்பு தன்னிடம் வந்து சேராமல் கையைத் தொடங்குகிறவள் அல்ல கைராசி. முதுகும் முன்பக்கமும் தோளில் இணைந்து வரட்டும், கைக்குழியை அளந்துவிட்டுத்தான் முதல் கண்ணி என்பாள். இந்தமுறை முதுகையும் முன்பக்கத்தையும் பின்னி இணைத்தது இஸ்திரி மிஷினில் நிற்கிற சோடாபுட்டி. கண்ணாடி தடிமனே தவிர, வேலையில் ஒரு கண்ணி பிசகாத பெண். சொன்னதைச் சொன்னபடி செய்யும். சொல்லாவிட்டால் பார்த்ததைப் பார்த்தபடி செய்யும். அங்கேதான் வந்தது வினை.

டீ நேரத்தில் கைராசி ஸ்வெட்டரை மேசைமேல் விரித்து டேப்பை வைத்தாள். இடது கைக்குழி சரி. வலது கைக்குழி அதைவிட இரண்டு விரற்கடை இறங்கி இருந்தது. திரும்பவும் அளந்தாள். அதேதான்.

"ஏம்மா சோடாபுட்டி, முதல்ல அந்தக் கண்ணாடியை மாத்து. வலது பக்கம் பாரு, இந்தக் குழியில ஒரு பூசணிக்காயே உள்ள போகும் போல இருக்கு. பிரிச்சுப் போடு."

"அது அப்படித்தாங்க்கா. கோட்டுல அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு வாட்டி அளந்தேன்."

சொன்ன வேகத்திலேயே அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. எதிரே பிஸ்கட் தின்றுகொண்டிருந்த டிரைவர் மெல்லுவதை நிறுத்தினான். "மிஷின் சூடாயிருக்கும், பாத்துட்டு வரேன்" என்று சோடாபுட்டி டீயைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். டிரைவர் வேன் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

இதுகளுக்கு என்ன வந்தது என்று கைராசி யோசித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினாள். சுருட்டிய கை பாதியில் நின்றது. கோட்டில் இருந்தது என்றாளே, கணக்கம்மாவுக்கு ஏது கோட்டு? அந்த அம்மாள் ஆபீஸில் சொந்த உடுப்போடு உட்காருகிறவர். வேலைக் கோட்டு போட்டுக்கொண்டு அவரை யாரும் பார்த்ததே இல்லை.

ஸ்வெட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு கோட்டு. கடைசி ஆணியில் அவளுடையது. அதன் வலது அக்குளில் வேறு துணியில் ஒரு ஒட்டு இருந்தது. அவளே பிரித்து, அவளே வைத்துத் தைத்தது.

அந்த ஒட்டுக்கு ஒரு கதை உண்டு. ஜோடியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஜோடி வேலைக்கு வராமல் பல நாள் ஓட்டினாள். வரவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும். கைராசி என்ன செய்தாள்? விரிப்பின் ஒரு பக்கத்தைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுபக்கத்தைத் தானே இழுத்து, கொக்கியை ஜோடியாக வைத்துக்கொண்டு இரண்டு ஆள் வேலையையும் மடித்தாள். கேட்டவர்களிடம் "இப்பத்தான் பாத்ரூம் போனா" என்று சொல்லிச் சமாளித்தாள். ஜோடியின் வேலை தப்பியது. கைராசியின் வலது தோள் வீங்கியது வீங்கியபடியே நின்றுவிட்டது. கோட்டு அக்குளில் பிடித்ததால் பிரித்து ஒட்டுப் போட்டாள்.

கதவைத் தாழிட்டுவிட்டு அந்தக் கையில்லாத ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்கவே தேவையிருக்கவில்லை. தோளில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய எதுவும் இத்தனை வருடத்தில் அந்த வீங்கின தோளில் அப்படி உட்கார்ந்ததில்லை. வலது பக்கம் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை.

அடிப்பாவிகளா! என்னைத்தானே அனுப்பப் போகிறீர்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். மடிக்கிற மிஷின் வரப்போகிறது, ஆள் குறைப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியும். யார் போவது என்று பெயர் கொடுக்க வேண்டியது சூப்பர்வைசர் என்பதும் தெரியும். அதனாலேயே நிம்மதியாக இருந்தாள். நம் ஜோடி இருக்கும்போது நமக்கு என்ன? நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கழுத்துக்கு முன்னால் கைக்குழியை அறுப்பார்கள் என்று தெரியாது. அதிலும் கொடுமை என்னவென்றால், வழியனுப்பும் ஸ்வெட்டருக்குக் கை வைக்க அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. போகிறவளையே கூப்பிட்டு, 'வா, நீயே வந்து வைத்துவிட்டுப் போ' என்றிருக்கிறார்கள்.

வீட்டில் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தான். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சீவுகிறதை நிறுத்தினான்.

"நேராப் போய்க் கேளு. என்ன பயம்?"

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"வேலை போனா போகுதுங்க. ஏதாவது ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவியாவது பொழைச்சுக்கலாம். ஆனா அவ சொல்லணும். என் முகத்தைப் பாத்து, அவ வாயால, 'ஜோடி, உன் பேரைத்தான் குடுத்தேன்'னு சொல்லணும். நாலு பேரு முன்னாடி இல்ல. தனியா. வழியனுப்புறதுக்கு முன்னாடி. அவ அதைச் சொல்லிட்டா நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன், அந்த ஸ்வெட்டரையும் சந்தோஷமாப் போட்டுப்பேன்."

"சொல்லலேன்னா?"

அவள் கேரட்டை வாங்கிச் சீவ ஆரம்பித்தாள். சீவிய சீவலில் தோலோடு பாதி கேரட்டும் போயிற்று.

மறுநாளிலிருந்து கைராசி கை பின்னினாள். அவள் பின்னின அழகைப் பார்க்க வேண்டுமே! பத்து வரிசை முன்னே போவாள், எட்டு வரிசை பிரிப்பாள். கை முடிந்தால்தானே ஸ்வெட்டர் முடியும்? அதுவரை ஜோடிக்கு வாய் திறக்க அவகாசம் கொடுப்போம் என்பது அவள் கணக்கு. டீ அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. சோடாபுட்டி தன் பிஸ்கட்டையும் சேர்த்து அவள் தட்டில் வைத்தாள். டிரைவர், "அக்கா, நான் வீட்டுல கொண்டுபோய் விட்டுடட்டுமா?" என்று நாள் தவறாமல் கேட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டத்துக்கு முகத்தை மறைக்கத் தெரியவில்லை. ஒருத்தருக்காவது மனசு உறுத்தி, 'அக்கா, விஷயம் இதுதான்' என்று காதோடு சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுடைய வேலை அவர்களுக்கு.

ஜோடி தினமும் வந்து நின்றாள்.

"கை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முழங்கை."

அடுத்த நாள் வந்தாள். "இன்னும் முழங்கைதானா? ஒரு நாள்ல ஒரு கை முடிக்கிறவ ஆச்சே நீ!"

"தோளு வலிக்குதுடி" என்றாள் கைராசி, அவள் முகத்தையே பார்த்து. "வலது தோளு. எப்படி ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

ஜோடியின் கண் ஒரு கணம் அந்தத் தோளில் நின்றது. இதோ சொல்லிவிடப் போகிறாள் என்று கைராசி ஊசியை நிறுத்தினாள்.

"தைலம் தேய்ச்சுக்கோ" என்றாள் ஜோடி. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடு."

வியாழக்கிழமை மத்தியானம் ஜோடி கண்ணாடி அறைக்குள் அவளைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பழைய நாட்களில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்த மாதிரி முட்டி முட்டியில் இடித்தது. அப்பாடா, கடைசியிலாவது மனசு வந்ததே என்று நினைத்தபோது கைராசிக்குக் கண் கலங்கியே விட்டது. நீ ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம், பெயரை மட்டும் சொல், போதும் என்று தானே அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள்.

ஜோடி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே பட்டன்கள் இருந்தன. கொஞ்சம் மரத்தில், கொஞ்சம் சிப்பி மாதிரி மினுக்கியபடி.

"எதைப் போடலாம்? நீயே சொல்லு. உனக்கு எது பிடிச்சிருக்கு?"

கைராசி பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளினாள். "கணக்கம்மாவுக்குத்தானே? அவங்களுக்குப் பிடிச்சதைப் போடு."

"உன் ரசனைதான் எனக்குத் தெரியுமே. நீ சொன்னா சரியா இருக்கும்."

இவ்வளவு தெரிந்தவளுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை பாருங்கள். கைராசி மரப் பட்டன்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போய் நின்றாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா ஜோடி?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என்ன யோசிக்கிறது? கையை வெச்சு முடி, அதான்" என்று ஜோடி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு கையும் முடிந்தன. பிரிக்காமல் பின்னினால் அவளுக்கு எவ்வளவு நேரம்! பட்டன்களைத் தைத்தாள். கைகளைக் கைக்குழியில் வைத்துத் தைத்தாள். சுருக்கம் இல்லை, இழுப்பு இல்லை, வலது கை வலது குழியில் அச்சாக உட்கார்ந்தது. மற்ற ஸ்வெட்டர்களுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். மாவு மூட்டையின் வாயைத் தைப்பார்கள் தெரியுமா, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து வரும்படி? அந்தத் தையலைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் டீ அறையில் கூடினார்கள். மேசையில் கேக் இருந்தது. எங்கும் போகாத கணக்கம்மாவும் ஒரு தட்டோடு ஓரமாக நின்றார். ஜோடி தொண்டையைச் செருமினாள்.

"இன்னிக்கு நம்ம குடும்பத்துல ஒருத்தர் நம்மளை விட்டுப் போறாங்க. அவங்களுக்கே இது தெரியாது. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு..."

"யாருன்னு சொல்லு" என்றாள் கைராசி.

அவள் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டாள். ஒரு கை, இன்னொரு கை. மரப் பட்டன்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். கண்ணைப் பறித்தது நிறம்.

"அளவு கச்சிதமா இருக்கா? பாத்துச் சொல்லு ஜோடி. யாருன்னும் சொல்லு."

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"சோடாபுட்டிக்குப் பொய்யா அளக்கத் தெரியலை. அவளைத் திட்டாத. உங்கள்ல யோக்கியமா வேலை செஞ்சது அவ ஒருத்திதான்."

சோடாபுட்டி மூலையில் விசும்பினாள். ஜோடி இரண்டடி முன்னால் வந்தாள். விரிப்பின் முனையைச் சேர்க்க வருகிற அதே நடை.

"நான் என்னடி பண்ணுவேன்? ஒரு பேரு குடுத்தே ஆகணும்னாங்க. வேற யாரு பேரைக் குடுத்தாலும் சண்டைக்கு வருவாங்க, மேல போய் எழுதிப் போடுவாங்க. நீ ஒருத்திதான் என்னைப் புரிஞ்சுக்குவே. அந்த நம்பிக்கையிலதான்..."

"புரியுது. நான் சத்தம் போட மாட்டேன்னு குடுத்தே."

"உனக்குப் பிடிச்ச கலரா தேடி எடுத்தேன்டி. எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

"கடை ஏறினவளுக்கு என் பெஞ்சு வரைக்கும் நடந்து வர முடியலையே. நேத்து முட்டி இடிக்க உக்காந்தியே, அப்பக்கூட பட்டனைத்தானே கேட்டே? நான் வேலையைக் கேக்கலடி உன்கிட்ட. ஒரு வார்த்தையைக் கேட்டேன். கதவுகிட்ட நின்னு ரெண்டு தடவை கேட்டேன்."

கைராசி பட்டன்களைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றிக் கேக்குக்குப் பக்கத்தில் விரித்தாள். இடது தோளில் நூல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. வலது தோளில் ஒரே இழுப்பு. இரண்டு கையும் கழன்று அவள் கைக்கு வந்தன.

"உடம்பு நீங்க பின்னினது. வெச்சுக்குங்க. கை நான் பின்னினது."

கையில்லாத ஸ்வெட்டர் மேசையில் கிடக்க, அவள் குளிருக்குப் போடும் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியேறினாள். டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா, வண்டியில ஏறுங்க. வெளிய பனி கொட்டுது. எங்க மேல கோவப்படாதீங்கக்கா."

"நீ போய்க் கேக்கு சாப்பிடு, போ" என்றாள் அவள்.

பஸ் நிறுத்தத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது. வேறு வழியில்லாமல் பையைத் திறந்து, அந்த இரண்டு கைகளையும் தோள் வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். பார்க்கட்டும், பைத்தியம் என்றே நினைக்கட்டும். கை இரண்டும் கதகதப்பாக இருந்தன. நெஞ்சும் முதுகும் விறைத்தன.

கதவைத் திறந்த புருஷன் அவளை மேலும் கீழும் பார்த்தான். மயில் கழுத்து நிறத்தில் இரண்டு கை, நடுவே வெறும் ரவிக்கை.

"மத்தது எங்கடி?"

"அங்கயே விட்டுட்டேன்."

"அவ சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவன் கைத்தடியை ஊன்றி வந்து, தன் போர்வையை எடுத்து அவள் முதுகில் போர்த்தினான். வலது தோளில் அது வழக்கம்போல் வழுக்கியது. அவன் இழுத்துவிட்டான்.

"அளவு கச்சிதமா இருந்துச்சுங்க" என்றாள் அவள். "இந்தத் தோளு எவ்வளவு வீங்கியிருக்குன்னுகூடச் சரியா அளந்திருக்காங்க."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.